விபத்துக்குப் பிறகு கூட்டம் சூழ்ந்தால்: முதல் நிமிடம் முதல் காவல் நிலையம் வரை

இரண்டு வருடத்துக்கு முன்பு, விழுப்புரம் தாண்டி ஒரு கிராமத்துச் சந்திப்பில், பக்கத்துச் சாலையிலிருந்து சட்டென்று ஏறிய பைக் ஒன்று என் காரின் முன்பக்கத்தில் உரசி விழுந்தது. ஓட்டி வந்த பையனுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். முழங்கையில் தோல் வழன்று ரத்தம். நான் இறங்கி அவனைத் தூக்கி உட்கார வைப்பதற்குள் பத்துப் பேர் வந்துவிட்டார்கள். அடுத்த நிமிடம் முப்பது பேர். அதுவரை சத்தம் மட்டும்தான், யாரும் கை ஓங்கவில்லை. நான் போனை எடுத்து வீடியோ எடுக்க ஆரம்பித்தேன். அதுதான் தவறு. "வீடியோவா எடுக்கிற?" என்று ஒருவர் போனைத் தட்டிவிட்டார், இன்னொருவர் சட்டைக் காலரைப் பிடித்தார்.

ஓரத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே நுழைந்தார். "டேய், புள்ள ரத்தம் கொட்ட உக்காந்திருக்கான். அவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்ல, இவரை அடிக்க வந்துட்டீங்களா? நூத்தியெட்டுக்குப் போன் போடுங்கடா!" காலரைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. பாதிப் பேர் பையன் பக்கம் திரும்பினார்கள்.

அன்றைக்குப் பிறகு இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன், தெரிந்த வழக்கறிஞர்களிடமும் கேட்டேன். புதிதாக வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் படிப்படியாகச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: கூட்டத்தைப் பிரித்துப் பாருங்கள்

முப்பது பேர் நின்றால் முப்பது பேரும் எதிரிகள் என்று பயத்தில் தோன்றும். அப்படி இல்லை. கை நீட்டத் துடிப்பவர்கள் இரண்டு மூன்று பேர்தான். பெரும்பாலானவர்கள் என்ன நடந்தது என்று பார்க்க வந்தவர்கள். நாலைந்து பேர், "பாவம், விட்டுடலாம்" என்று மனதுக்குள் நினைத்தபடி வாய் திறக்கத் தயங்கி நிற்பார்கள். அந்த நாலைந்து பேரில் ஒருவரைப் பேச வைத்துவிட்டால் பாதி ஆபத்து தீர்ந்தது. மற்ற படிகள் எல்லாமே அதற்கு நேரம் சம்பாதிப்பதற்குத்தான்.

யாரை நாடுவது? வயதானவர், கடைக்காரர், பெண்கள். கடைக்காரருக்குத் தன் கடை வாசலில் அசம்பாவிதம் நடக்கக் கூடாது என்ற கவலை இருக்கும். பொதுவாக "காப்பாத்துங்க" என்று கத்தினால் ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்ப்பார்கள். ஆளைச் சுட்டிக் கூப்பிடுங்கள்: "ஐயா, பச்சைத் துண்டு போட்ட பெரியவரே, நீங்க கொஞ்சம் சொல்லுங்க." "கடைக்கார அண்ணே, ஆம்புலன்ஸுக்கு ஒரு போன் போடுங்க." பெயர் சொல்லி அழைத்தது போல அவர் முன்னால் வருவார்.

படி 2: இறங்குவதா, வேண்டாமா

அடிபட்டவர் கீழே கிடக்கிறார், கூட்டம் இன்னும் சேரவில்லை என்றால் உடனே இறங்குங்கள். முதல் வேலை அடிபட்டவரைப் பார்ப்பது. மனிதாபிமானமும் அதுதான், உங்களுக்குப் பாதுகாப்பும் அதுதான். அவர் பக்கத்தில் குனிந்து உதவிக்கொண்டிருப்பவரை அடிக்கக் கை எளிதில் வராது. 108-க்கு நீங்களே போன் செய்யுங்கள், நாலு பேர் காதில் விழும்படி பேசுங்கள். அடுத்து போலீஸுக்கான அவசர எண் 112.

நீங்கள் இறங்கும் முன்பே கண்ணாடியில் அடி விழுகிறது, கற்கள் பறக்கின்றன என்றால் இறங்க வேண்டாம். கதவைப் பூட்டி, கண்ணாடியை முழுதாக ஏற்றி, சீட் பெல்ட்டைக் கழற்றாமல் 112-ஐ அழையுங்கள். முன்னால் சாலை காலியாக இருந்தால் மெதுவாக நகர்ந்து நேரே அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போங்கள். வழியில் 112-இல் "விபத்து நடந்தது, கூட்டம் தாக்குகிறது, ஸ்டேஷனுக்கு வந்துகொண்டிருக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் ஓடிப்போகவில்லை என்பதற்கு அந்த அழைப்பே சாட்சி. வண்டிக்கு முன்னால் ஆள் நிற்கும்போது மட்டும் ஒரு அடி கூட நகர்த்தாதீர்கள். பயத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து இரண்டாவது ஆளை இடித்துவிட்டால் அப்புறம் எந்தச் சமாதானமும் எடுபடாது.

குடும்பத்தோடு போயிருந்தால் எல்லோரும் இறங்க வேண்டியதில்லை. ஒருவர் மட்டும் இறங்க, மற்றவர்கள் உள்ளே பூட்டிக்கொண்டு போலீஸை அழைக்கட்டும்.

இங்கே சட்டத்தில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 134-ஆவது பிரிவு, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என்கிறது. அதே வரியில், கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாமல் போகும் நிலையை விலக்காகவும் வைத்திருக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு நம் சாலைகள் தெரிந்திருக்கின்றன. ஆனால் அந்த விலக்கு அங்கிருந்து விலகுவதற்கு மட்டும்தான். நடந்ததையும், ஏன் உதவ முடியவில்லை என்பதையும் கூடிய விரைவில், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள காவல் நிலையத்தில் சொல்லியாக வேண்டும்.

படி 3: கை, குரல், கால்

இரண்டு கைகளையும் நெஞ்சு உயரத்தில், உள்ளங்கை வெளியே தெரியும்படி விரித்து வையுங்கள். பார்ப்பவர்களுக்கு "வேண்டாம், பொறுங்க" என்று தெரியும். அடி வந்தால் முகத்தை மறைக்கவும் அந்தக் கைகள் அங்கேயே இருக்கும். விரல் நீட்டிப் பேசாதீர்கள். பேன்ட் பையில் கைவிடாதீர்கள், எதையோ எடுக்கிறீர்கள் என்று நினைப்பார்கள்.

குரலைத் தாழ்த்துங்கள். "தப்பு அவன் மேல" என்ற வாக்கியத்தை அந்த இடத்தில் மறந்துவிடுங்கள். தப்பு யார் மேல் என்பதை விசாரணை பார்த்துக்கொள்ளும். அதற்காக "என் தப்புதான்" என்றும் சொல்ல வேண்டாம். "அண்ணே, முதல்ல தம்பியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். நான் எங்கேயும் போகல, ஸ்டேஷனுக்கு வரேன்." இந்த இரண்டு வாக்கியமும் போதும், திரும்பத் திரும்ப இதையே சொல்லுங்கள். அதிகாரி பெயர், கட்சிக்காரர் பெயர் சொல்லி மிரட்டுவதும், ஆங்கிலத்தில் பேசுவதும் எரிகிற நெருப்பில் எண்ணெய்.

நடுவில் மட்டும் நிற்காதீர்கள். பேசிக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்து கூட்டத்தின் விளிம்புக்கு வாருங்கள். டீக்கடை, மருந்துக்கடை, பெட்ரோல் பங்க், பேருந்து எது அருகில் இருந்தாலும் அந்தத் திசையில். வெளிச்சமும் கேமராவும் உள்ள இடம் என்றால் ரொம்ப நல்லது. அப்படி இடம் இல்லாவிட்டால், பின்னால் யாரும் வர முடியாதபடி சுவரோ வண்டியோ முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

டிக்கியில் இருக்கும் வீல் ஸ்பேனரை எடுக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம். கையில் இரும்பு வந்த நொடியில், தயங்கி நின்ற அந்த நாலைந்து பேரும் உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடுவார்கள். அதைப் பிடுங்கி உங்கள் மீதே இறக்கவும் ஆள் இருக்கும். பெப்பர் ஸ்பிரேயும் ஒற்றை ஆளிடம் தப்பிக்க உதவலாம், கூட்டத்தில் நான் அதை நம்ப மாட்டேன்.

படி 4: அடி விழ ஆரம்பித்தால்

இதை வீட்டில், பாய் விரித்து, ஒருவரோடு ஒருவர் பழகிப் பாருங்கள். படித்தால் மட்டும் அந்த நேரத்தில் கை வராது.

காலரைப் பிடித்தால் பதிலுக்குக் குத்தாதீர்கள். பிடித்த கையின் மணிக்கட்டை உங்கள் இரண்டு கைகளாலும் பிடித்து உங்கள் நெஞ்சோடு அழுத்திக்கொள்ளுங்கள், மோவாயை இறக்குங்கள். கழுத்து இறுகாது. கையைப் பிடித்து இழுத்தால், அவருடைய கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடம்தான் பிடியில் பலவீனமான இடம். அந்தப் பக்கமாக உங்கள் கையைத் திருப்பி உருவுங்கள்.

தலைக்கு அடி வந்தால் இரண்டு உள்ளங்கைகளையும் பிடரியில் கோத்து, முழங்கைகளை முகத்துக்கு முன்னால் நெருக்கிக் கொண்டுவாருங்கள். முன்கைகளின் இடுக்கு வழியாகக் கண் தெரியும். அப்படியே குனிந்து, ஆள் குறைவான பக்கமாக நகருங்கள். நின்ற இடத்தில் நின்று அடி வாங்காதீர்கள்.

மிகப் பெரிய ஆபத்து கீழே விழுவது. விழுந்துவிட்டால் மல்லாந்து கிடக்காதீர்கள். ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு மடக்கி, மோவாயை நெஞ்சில் வைத்து, கைகளால் பிடரியையும் காதுகளையும் மூடுங்கள். உதை குறைந்த நொடியில் உருண்டு முழங்காலிட்டு, ஒரு கை தலையை மூடியபடியே எழுந்துவிட வேண்டும். வண்டியின் சக்கரம், கம்பம், திண்ணை எதைப் பிடித்தாவது எழுந்திருங்கள்.

படி 5: திருப்பி அடிக்கச் சட்டம் எதுவரை விடுகிறது

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இவை 96 முதல் 106 வரை இருந்தன.

ஆபத்து வரப்போகிறது என்று நியாயமாக அஞ்சும் நொடியிலேயே உரிமை தொடங்கிவிடுகிறது, முதல் அடி விழும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த அச்சம் இருக்கும் வரைதான் உரிமையும் இருக்கும். அடித்தவர் ஓடிய பிறகு துரத்திப் போய் அடித்தால் அது தற்காப்பு இல்லை, பழிவாங்கல். வழக்கு உங்கள் மேல் வரும். தடுக்க எவ்வளவு தேவையோ அதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, காவல்துறையை நாட நேரம் இருந்தால் அதைத்தான் செய்ய வேண்டும் என்கிறது 37-ஆவது பிரிவு. கைகலப்பின் நடுவில் இருந்தவரிடம் தங்கத் தராசில் நிறுத்துக் கணக்குக் கேட்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. உயிர் போகும், அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் 38-ஆவது பிரிவின்படி எதிராளியின் உயிர் போகும் அளவுக்கும் உரிமை நீளும். ஆனால் அதை நிரூபிக்க நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். ஆகவே தள்ளிவிட்டு வெளியே வர வழி இருந்தால், தள்ளிவிட்டு வெளியே வாருங்கள்.

ஊருக்குப் புதியவராகப் போனால்

விபத்தே இல்லாமலும் கூட்டம் சேரும். 2018 மே மாதம், குழந்தை கடத்தல் வதந்தி வாட்ஸ்அப்பில் பரவிக்கொண்டிருந்த நேரம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று சொல்லி அடித்தார்கள். 65 வயது அம்மா ஒருவர் இறந்தே போனார். இதை எழுதும்போதும் மனசு ஆறவில்லை.

தெரியாத கிராமத்துக்குப் போனால் முதலில் டீக்கடையிலோ கோயில் பூசாரியிடமோ, "இன்னார் வீட்டு ஆள், இன்ன விஷயமாக வந்தேன்" என்று சொல்லிவிடுங்கள். குழந்தைக்கு எதைக் கொடுத்தாலும் அதன் தாய் கையில் கொடுங்கள். சந்தேகமாகப் பார்த்து யாராவது கேள்வி கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். அடையாள அட்டையைக் காட்டி, "நீங்களே போலீஸைக் கூப்பிடுங்க" என்று நாமே முந்திக்கொண்டு சொன்னால் சந்தேகம் பெருமளவு அடங்கும்.

படி 6: தப்பி வந்த பிறகு

நேரே காவல் நிலையம். சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் பற்றிய புகாரை வாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு. விபத்தைப் பற்றியும் தாக்குதலைப் பற்றியும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் தாக்குதல் விஷயம் அமுங்கிப் போகும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதாவது கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள். முதல் தகவல் அறிக்கை பதிந்தால் அதன் நகல் உங்களுக்கு இலவசம்.

வலி இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனைக்குப் போய், "பத்துப் பேர் கையாலும் கட்டையாலும் அடித்தார்கள்" என்று நடந்ததை அப்படியே சொல்லி, ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டரில் பதியச் சொல்லுங்கள். அந்த ஏ.ஆர். காப்பிதான் பின்னால் நீதிமன்றத்தில் பேசும். கிழிந்த சட்டையைத் துவைக்காமல் ஒரு பையில் போட்டு வையுங்கள். காயங்களை அன்றும், கன்றிப்போய் நிறம் மாறியிருக்கும் மறுநாளும் படம் எடுங்கள். தலையில் அடிபட்டு வாந்தியோ மயக்கமோ வந்தால் புகார், ரசீது எல்லாம் அப்புறம், முதலில் மருத்துவர்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். சம்பவ இடத்திலேயே "இருபதாயிரம் எடு, விட்டுடறோம்" என்பார்கள். அடிபட்டவருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டின் மூலம், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. அதை அவருடைய வீட்டாரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். எந்தத் தாளிலும் அங்கே கையெழுத்துப் போடாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் கொடுத்துவிட்டு வாருங்கள், மிரட்டிப் பணம் வாங்கியதையும் புகாரில் எழுதலாம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றைக்கே தகவல் சொல்லிவிடுங்கள்.

என் விஷயத்தில், ஆம்புலன்ஸ் வந்ததும் அந்தப் பையனோடு நானும் ஏறிக்கொண்டேன். அவனுக்கு நாலு தையல் போட்டார்கள். காலரைப் பிடித்தவர் அவனுடைய சித்தப்பா. மாலையில் ஸ்டேஷன் பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அவன் ரத்தத்தைப் பார்த்ததும் எனக்கு ஒண்ணும் தெரியல சார்" என்றார். அந்த அம்மாவைத் தேடி அடுத்த வாரம் அதே சந்திப்புக்குப் போனேன். வெள்ளரிப்பிஞ்சு சீசன் முடிந்து, நுங்கு விற்றுக்கொண்டிருந்தார்.