தூசி உறிஞ்சி வாங்கும் முன் சாண்டரின் வாயை அளந்து பாருங்கள்

எம்.டி.எஃப் பலகையில் (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்தது) மரத்தைக் குடைந்து வடிவமைக்கும் ரவுட்டர் ஓட்டிய அன்று ராத்திரி மூக்கைச் சிந்தினால் பழுப்பாக வரும். தச்சு வேலையில் புதிதாக இறங்கியவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். மூக்கில் நின்றது பரவாயில்லை. நிற்காமல் உள்ளே போனதுதான் கவலை.

தரையில் விழும் சீவலைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளிவிடலாம். ஜன்னல் வெயிலில் மட்டும் மினுங்கும் தூசி அப்படியில்லை. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நுரையீரல் வரை போகும் துகள்கள் 10 மைக்ரானுக்கும் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 1995இல் வெளியிட்ட தொகுதியில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் மரத்தூசியைச் சேர்த்தது. முக்கியமாக மூக்கிலும் அதைச் சுற்றியுள்ள எலும்பறைகளிலும் வரும் புற்றுநோய். தேக்கு, ஈட்டி மரத் தூசி சிலருக்குத் தோல் அரிப்பையும் கொடுக்கும்.

சரி, எதை வாங்குவது? நான் செய்த தப்பிலிருந்து தொடங்குகிறேன். பெட்டியில் இருந்த வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்கி, வீடு கூட்டும் வேக்குவம் கிளீனர் ஒன்றை வாங்கி வந்தேன். அதன் குழாய், உப்புத்தாள் மாட்டி மரத்தைத் தேய்க்கும் என் சாண்டரில் நுழையவே இல்லை. பழைய சைக்கிள் டியூபை வெட்டி இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். கால் மணி நேரத்தில் ஃபில்டர் அடைத்துக்கொண்டது. அதோடு, முன்னால் இழுத்த மாவுத் தூசியில் ஒரு பங்கை மெஷின் பின்பக்கம் வழியாக அறைக்குள்ளேயே ஊதிக்கொண்டிருந்தது. உறிஞ்சியிலிருந்து தொடங்காமல் கருவியிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

படி 1: உங்களிடம் இருக்கும் கருவிகளை எழுதுங்கள்

சாண்டர், ரவுட்டர், கையில் பிடிக்கும் சர்குலர் சா, ஜிக்சா போன்றவற்றில் தூசி வெளியேறும் வாய் சிறியது. இவற்றுக்கு வேக்குவம் வகை உறிஞ்சி வேண்டும். நல்ல மெஷின் நிமிடத்துக்கு 3,500 லிட்டர் அளவில் காற்றை இழுக்கும். இழுவிசை 20,000 பாஸ்கலுக்கு மேல் இருக்கும்.

டேபிள் சா, பலகையை ஒரே தடிமனாகச் சீவும் திக்னஸ் பிளேனர் மாதிரி நிற்கும் மெஷின்களின் வாய் பெரும்பாலும் 100 மி.மீ. அவற்றுக்குப் பெரிய துணிப் பை கட்டிய டஸ்ட் கலெக்டர். அது நிமிடத்துக்கு 10,000 லிட்டருக்கு மேல் காற்றை நகர்த்தும், ஆனால் இழுவிசை வேக்குவத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதில் சிறிய குழாயை மாட்டினால் வாய்க்கால் மதகில் இளநீர் உறிஞ்சும் குழலைச் செருகின கதைதான். இரண்டு வகை கருவியும் வைத்திருப்பவர்கள் ஒரே மெஷினில் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

இனி வேக்குவம் வகையை மட்டும் பார்ப்போம்.

படி 2: வாயை அளங்கள்

வெர்னியர் காலிப்பர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஸ்கேல் போதும். ஒவ்வொரு கருவியின் தூசி வாயிலும் உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். சாண்டருக்கு 27 மி.மீ குழாய் வசதி: லேசானது, கையை இழுக்காது. எலெக்ட்ரிக் பிளேனருக்கு அது ஆகாது, சீவல் சிக்கிக்கொள்ளும், 36 மி.மீ வேண்டும். ரப்பர் அடாப்டர் கிடைக்குமா என்று கடையிலேயே கேளுங்கள். கருவியை ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்க் கடையிலேயே மாட்டிப் பார்ப்பது அதைவிட நல்லது.

குழாய் ஆன்டி-ஸ்டேட்டிக் வகையாக இருக்கட்டும். காய்ந்த தூசி உரசி உரசி, சாதாரண குழாய் கையில் சுள்ளென்று ஷாக் அடிக்கும்.

படி 3: ஃபில்டர்தான் உயிர்

ஐரோப்பியத் தரப்படி உறிஞ்சிகளில் எல், எம், எச் என்று மூன்று வகுப்பு. எல் வகுப்பில் நுண்தூசி 1 சதவீதம் வரை தப்பலாம், எம் வகுப்பில் 0.1 சதவீதம், எச் வகுப்பில் 0.005 சதவீதம். ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் தொழில்முறை மரவேலைக்கு எம் வகுப்பைத்தான் சொல்கிறார்கள். குழாயில் காற்றின் வேகம் நொடிக்கு 20 மீட்டருக்குக் கீழே போனால் எம் வகுப்பு மெஷின் கத்தி எச்சரிக்கும். பை நிரம்பியது தெரியாமல் வேலை செய்யும் ஆபத்து அதில் குறைவு.

விலை கையைக் கடிக்கும், உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்பவர் என்றால் எல் வகுப்பு மெஷின், உள்ளே ஃப்ளீஸ் பை (நெய்யாத செயற்கைத் துணிப் பை), நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா கார்ட்ரிட்ஜ், முகத்தில் என்95 மாஸ்க் என்று தொடங்கலாம் என்பது என் கருத்து. தினமும் எம்.டி.எஃப் அறுப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. அதன் பசையில் ஃபார்மால்டிஹைடு வேறு இருக்கிறது.

பை இல்லாமல் ஓட்டி, ஃபில்டரைச் சுவரில் தட்டித் தட்டிச் சுத்தம் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பிடித்த தூசி மொத்தமும் அந்த ஒரு நிமிடத்தில் திரும்பவும் மூக்குக்குள் போகும். பையே போடுங்கள். பைச் செலவு உறுத்தினால் நடுவில் காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் சைக்ளோன் பிரிப்பான் ஒன்றை வையுங்கள். பெரும்பகுதி தூள் கீழே வாளியில் விழுந்துவிடும். வாளி கெட்டியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் குழாய் அடைக்கும்போது உள்ளே ஒடுங்கிவிடும்.

படி 4: பிளக்கைப் பாருங்கள்

கருவியின் பிளக்கைத் தன் உடம்பிலேயே செருகிக்கொள்ளும் வசதியுள்ள உறிஞ்சியாகப் பாருங்கள். சாண்டரை ஆன் செய்தால் உறிஞ்சியும் ஓடும். நிறுத்திய பிறகும் சில நொடிகள் ஓடிக் குழாயைக் காலி செய்யும். ஆனால் கணக்குப் போடுங்கள்: உறிஞ்சி 1,200 வாட்ஸ், சா 1,200 வாட்ஸ் என்றால் 230 வோல்ட்டில் பத்து ஆம்பியரைத் தாண்டும். வீட்டின் 6 ஆம்பியர் பிளக்குக்கு இது ஆகாது, 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். மெல்லிய ஒயர் போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

பெட்டியில் போட்டிருக்கும் காற்றளவு, குழாய் முழுதாகத் திறந்திருக்கும்போது எடுத்தது. இழுவிசை, முழுதாக அடைத்தபோது எடுத்தது. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. அதனால் அந்த எண்களில் சின்ன வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

வாங்கி வந்த பிறகு

உப்புத்தாளின் ஓட்டைகள் சாண்டர் பேடின் ஓட்டைகளோடு பொருந்த வேண்டும். இழுவிசையைக் கொஞ்சம் குறையுங்கள், இல்லையென்றால் பேட் மரத்தோடு ஒட்டிக்கொண்டு சுழிக்கோடு போடும். பழைய கதவு மரம் அறுக்கிறீர்கள் என்றால் ஆணி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; ஒரு தீப்பொறி பைக்குள் போனால் போதும், உள்ளே இருப்பது அத்தனையும் காய்ந்த தூள். இதே காரணத்துக்காக இரும்பைத் தேய்க்கும் கிரைண்டரோடு இதை இணைக்கவே கூடாது.

இருட்டிய பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். விளக்கை அணைத்து, சாண்டர் ஓடும்போது கூட இருப்பவரை டார்ச்சைக் குறுக்காக அடிக்கச் சொல்லுங்கள். பேடின் ஓரத்தில் புகை மாதிரி தெரிந்தால் குழாய் இணைப்பையும் உப்புத்தாள் ஓட்டையையும் பாருங்கள். மெஷினின் பின்பக்கத்தில் தெரிந்தால் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை, அல்லது கிழிந்திருக்கிறது. ஜிக்சாவில் மட்டும் எப்படியும் கொஞ்சம் தெரியும், பிளேடு தூளைப் பலகைக்கு அடியிலும் கொட்டும். அதற்கு மாஸ்க்தான். வேலை முடிந்த உடனே அதைக் கழற்றாதீர்கள், மிதக்கும் தூசி அடங்க நேரமாகும்.