ஹிக்கரி மட்டைல கோல்ஃப் ஆடணுமா? முதல்ல கையோட வேகத்தக் குறைங்க

நான் உடைச்ச முதல் மட்டை ஒரு மாஷி, அதாவது மரத்தண்டு வச்ச பழைய காலத்து இரும்புத்தலை மட்டை. எடின்பரோல பழைய சாமான் கடைல வாங்கி, வீட்டுக்குக்கூட கொண்டுபோகாம நேரா டிரைவிங் ரேஞ்சுக்கு (பந்து அடிச்சுப் பழகற இடம்) போயி, பிளாஸ்டிக் மேட் மேல பந்த வச்சு, இரும்புத் தண்டு மட்டைய வீசற அதே வீச்சுல வீசினேன், ஏழாவது அடில டக்குனு ஒரு சத்தம், மட்டையோட தலை ஒரு பக்கம் பறக்குது, நான் குச்சியோட நிக்கறேன். முழுக்க என் தப்புதான். நீங்க அதச் செய்யக்கூடாதுன்னுதான் இந்தப் பதிவு.

ஹிக்கரிங்கறது அமெரிக்க மரம். அதுல செஞ்ச தண்டுலதான் உலகமே 1920கள் வரைக்கும் ஆடிச்சு. கோல்ஃப் விதிகளப் போடற ஆர் அண்ட் ஏ அமைப்பு இரும்புத் தண்டுக்கு ஓகே சொன்னதே 1929ல. அடுத்த வருஷம் அமெரிக்க வீரர் பாபி ஜோன்ஸ் ஒரே சீசன்ல நாலு பெரிய பட்டத்தையும் ஜெயிச்சாரே, அதுகூட ஹிக்கரிலதான்.

1. வாங்காதீங்க, வாடகைக்கு எடுங்க

ஸ்காட்லாந்து பக்கம் வந்தா மஸல்பரோ ஓல்ட் லிங்க்ஸுக்குப் போங்க. ஒம்பது ஹோல்தான், குதிரைப் பந்தய மைதானத்துக்குள்ளயே இருக்கு (நம்ம கிண்டி ரேஸ் கோர்ஸ்ல ஜிம்கானா கோல்ஃப் இருந்த மாதிரியே). 1874லருந்து 1889 வரைக்கும் ஆறு தடவ ஓபன் (பிரிட்டிஷ் ஓபன் கோல்ஃப் போட்டி) நடந்த இடம். அங்கயே ஹிக்கரி செட் வாடகைக்குத் தருவாங்க. ஒரு ரவுண்டு ஆடிப்பாத்துட்டு, பிடிச்சா மட்டும் கீழ படிங்க.

2. அஞ்சு மட்டை போதும்

பேருங்கதான் பயமுறுத்தும், விஷயம் சுலபம். தூரத்துக்கு பிராஸி, அது அடில பித்தளத் தகடு வச்ச மர மட்டை. இப்போதைய மூணு, நாலு நம்பர் அயர்ன் (இரும்புத்தலை மட்டை) வேலைக்கு மிட்-அயர்ன். நடுத்தர தூரத்துக்கு மாஷி. பந்தத் தூக்கி அடிக்க நிப்ளிக். கடைசியா பந்தக் குழிக்குள்ள உருட்ட ஒரு பட்டர். ரொம்ப தூரம் அடிக்கற டிரைவர் மட்டைய அப்புறம் பாத்துக்கலாம், ஆரம்பத்துல அது காசுக்குக் கேடு.

3. வாங்கும்போது பாக்க வேண்டியது

பாக்கெட்ல ஒரு சின்ன காந்தம் வச்சுக்கோங்க. அந்தக் காலத்துல இரும்புத் தண்டு மேல மரக்கலர்ல பூச்சு பூசி வித்தாங்க, போட்டோல பாத்தா அசல் ஹிக்கரி மாதிரியே இருக்கும், காந்தம் ஒட்டுச்சுன்னா கீழ வச்சுட்டு வந்துடுங்க. அடுத்து தச்சர் கட்டையப் பாக்கற மாதிரி ஒரு கண்ண மூடி தண்டு நெடுக பாருங்க, லேசா வளைஞ்சிருந்தா பரவால்ல, விரிசல் இருந்தா வேணாம். அப்புறம் காதுகிட்ட வச்சு ஆட்டுங்க. தலையும் தண்டும் சேர்ற இடத்துல கிளிக் கிளிக்னு கேட்டா மண்வெட்டிக் காம்பு ஆடற கதைதான். மண்வெட்டிய தண்ணில ஊறப்போட்டா இறுகும்ல, இதுவும் இறுகும், ஆனா காஞ்சா மறுபடி ஆடும், எபாக்சி போட்டு ஒட்டறதுதான் சரி.

தலையோட பின்பக்கம் புகை பிடிக்கற பைப் மாதிரி ஒரு சின்ன முத்திரை இருந்தா அது ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்ல டாம் ஸ்டூவர்ட் பட்டறைல அடிச்ச இரும்பு. விலை கொஞ்சம் கூட இருக்கும், குடுக்கலாம்.

4. எண்ணெய் போடறது

எனக்குப் பிடிச்ச வேலை இதுதான். ரொம்ப மெல்லிசு ஸ்டீல் உல் வச்சு தண்ட லேசா தேய்ங்க, பழைய அழுக்கு மட்டும் போகணும், மரம் தெரிய சுரண்டிடாதீங்க. பழைய பனியன் துணில பாயில்டு லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்தான்) நாலு சொட்டு விட்டு, மேலருந்து கீழ ஒரே போக்குல தடவுங்க. பதினஞ்சு நிமிஷத்துல மிச்சத்த தொடச்சுட்டு ராத்திரி முழுக்க விடணும், மறுநாள் இன்னொரு கை. ரெண்டாவது நாள்லயே சாம்பலா கெடந்த மரம் தேன் கலருக்கு வந்துடும். ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, அந்த எண்ணெய்த் துணிய சுருட்டி மூலைல போடாதீங்க, தானா தீப்பிடிக்கும். விரிச்சு வெளில காயப் போடுங்க.

5. பந்து

ரொம்பப் பழங்காலத்துல தோலுக்குள்ள இறகத் திணிச்ச பந்து. 1848 வாக்குல கட்டாபெர்ச்சா பந்து வந்துச்சு, மலாயாப் பக்கத்து மரப்பால். இன்னிக்கும் ரூட் கெனால் பண்ணி பல்லுக்குள்ள அடைக்கறது அதே சரக்குதான்! புதுப் பந்து வழவழன்னு இருந்தப்ப சரியாப் பறக்கல, அடிபட்டு கீறல் விழுந்ததும் நல்லாப் பறந்துச்சு, அதப் பாத்துட்டு சுத்தியலால தட்டி வடு போட்டே விக்க ஆரம்பிச்சாங்க. இப்பவும் அந்த மாதிரி பந்து செஞ்சு விக்கறாங்க, ஆனா ஆரம்பத்துல வேணாம், கல்ல அடிச்ச மாதிரி கை அதிரும். கடைல இருக்கறதுலயே சாஃப்ட்டான, லோ கம்ப்ரெஷன் பந்து எடுங்க, தண்டு தப்பிக்கும்.

6. மணல் டீ

முதல் அடிக்குப் பந்த கொஞ்சம் உயர்த்தி வைக்கறதுதான் டீ, அந்த டீ குச்சி 1920கள்லதான் பரவலாச்சு (1899ல ஒரு டீக்கு பேட்டன்ட் வாங்கின ஜார்ஜ் கிராண்ட் ஒரு பல் டாக்டர், பின்னாடி குச்சிய சந்தைக்குக் கொண்டுவந்த வில்லியம் லோவெல்லும் பல் டாக்டர், என்ன பொருத்தமோ). அதுக்கு முன்னாடி ஈர மணல்தான். மூணு விரல்ல கொஞ்சம் அள்ளி, இட்லிக்கு மேல சட்னி வைக்கற அளவுக்கு ஒரு குவியல் வச்சு, உச்சிய லேசா அமுக்கி பந்த உக்கார வைங்க.

7. வீசறது

மரத்தண்டு முறுக்கிக்கும், இதுதான் மொத்த விஷயமே. மேலருந்து கீழ வரும்போது அவசரப்பட்டா மட்டைத் தலை பின்தங்கி, அதோட முகம் (பந்துல படற பக்கம்) திறந்துக்கிட்டு, பந்து வலது பக்கம் ஓடிடும். அதனால மேல போனதும் ஒரு மூச்சு நிக்கற மாதிரி நெனச்சுக்கிட்டு, பிடிய இறுக்காம, தலையோட கனம் கைல தெரியற வரைக்கும் காத்திருந்து இறக்குங்க. முக்கா வீச்சு போதும். 180 கெஜம் போனா நல்ல அடிதான், முன்னாடி இருக்கற டீலருந்தே (முதல் அடி அடிக்கற இடம்) ஆடுங்க, கௌரவம் பாக்காதீங்க.

பங்கர்ல (மணல் குழி) விழுந்தா? நிப்ளிக் அடிப்பக்கம் கத்தி மாதிரி, மண்ணுக்குள்ள எறங்கிடும். அமெரிக்க வீரர் ஜீன் சாரசென் சாண்ட் வெட்ஜ் (மணல்லருந்து பந்த எடுக்கற மட்டை) செஞ்சது 1930கள் தொடக்கத்துல, அதுக்கு முந்தின உலகத்துல இருக்கோம் நாம. முகத்த நல்லாத் திறந்து வச்சு பந்துக்குக் கிட்டவே வெட்டுங்க. ரெண்டு தடவல வரலன்னா கையால எடுத்து வெளில போட்டுட்டு நடங்க, நான் அப்படித்தான் பண்றேன்.