உருதுக்காரருக்கு ‘யெஸ்டர்டே’ சொல்லிக்கொடுக்க

ஆத்தங்குடியில் எங்கள் டைல்ஸ் பட்டறைக்கு டைல்ஸ் எடுக்கும் ஒரு உருதுக்கார சூப்பர்வைசர் தம்பி ஹைதராபாத்திலிருந்து போன் போட்டார். “ஆச்சி, லாரி யெஸ்டர்டே” என்றார். நேற்றே லாரி கிளம்பி எங்கேயோ வழியில் நிற்கிறதாக்கும், வருகிறபோது வரட்டும் என்று இருந்துவிட்டேன். மறுநாள் விடிகாலையில் வாசலில் வந்து நிற்கிறது! லோடு ஏற்றுவதற்கு ஆள் சொல்லி வைக்கவில்லை. 600 டைல்ஸை நானும் மகனுமாக வைக்கோல் வைத்து அடுக்கியதில் இடுப்பு போச்சு.

காரைக்குடியில் இங்கிலீஷ் டியூஷன் எடுத்தவள் நான். தப்பு எங்கே என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை. அவரிடமே கேட்டேன். உருதுவில் நேற்றும் ‘கல்’தான், நாளையும் ‘கல்’தான். வினைதான் பிரித்துக் காட்டும். ‘கல் ஆயா தா’ என்றால் நேற்று வந்தான். ‘கல் ஆயேகா’ என்றால் நாளை வருவான். முந்தாநாளுக்கும் நாளன்னைக்கும்கூட ஒரே சொல், ‘பர்சோ’. எழுத்தில் ‘குஸிஷ்தா கல்’, ‘ஆயிந்தா கல்’ என்று பிரிப்பதுண்டு. பேச்சில் யார் அவ்வளவு மெனக்கெடுவார்கள்?

ஆகவே ‘யெஸ்டர்டே’யைத் தனியாக மனப்பாடம் பண்ண வைக்காதீர்கள். வினையோடு கட்டியே கொடுங்கள்: ‘கேம் யெஸ்டர்டே’, ‘வில் கம் டுமாரோ’. வினை வாயில் வந்துவிட்டால் உருதுக்காரருக்குக் காலம் குழம்பாது; அவர்கள் மொழியே அப்படித்தானே.

அடுத்த லோடுக்கு அந்தத் தம்பி நேரில் வந்தபோது பட்டறையே கரும்பலகை. எங்களிடம் இன்று வார்த்த டைல் கண்ணாடி மேலேயே குப்புறக் கிடக்கும். மறுநாள் கண்ணாடியைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவோம். தொட்டிக்குப் போகவிருந்த டைலில் அவர் கையை வைத்து, “வீ மேட் திஸ் யெஸ்டர்டே” என்று சொல்லச் சொன்னேன். பக்கத்தில் சிமென்ட் ஈரம் காயாததைக் காட்டி, “திஸ் வில் கோ இன்டு வாட்டர் டுமாரோ”. நாலாவது டைலில் தடுமாறினார். கையை எடுக்க விடவில்லை, சரியாகச் சொன்ன பிறகுதான் டீ.

சில்லறைத் தப்புகள் சில உண்டு. ‘ஆன் மண்டே’ பழக்கத்தில் ‘ஆன் யெஸ்டர்டே’ என்பார்கள். முன்னால் எதுவும் வேண்டாம். ‘ஐ ஹேவ் கம் யெஸ்டர்டே’யும் ஆகாது, வெறும் ‘கேம்’ போதும். ‘கல் ராத்’தை அப்படியே ‘யெஸ்டர்டே நைட்’ ஆக்குவார்கள். நாமும்தான் ‘நேற்று ராத்திரி’யை அப்படி ஆக்குகிறோம், சிரிக்க வேண்டாம். வெள்ளைக்காரன் காலைக்கும் சாயங்காலத்துக்கும் ‘யெஸ்டர்டே’ போடுவான், ராத்திரிக்கு ‘லாஸ்ட் நைட்’ என்றுவிடுவான். முந்தாநாளுக்கு ‘தி டே பிஃபோர் யெஸ்டர்டே’. நீளம்தான், வேறு வழியில்லை. உச்சரிப்பில் தொல்லை இல்லை. ‘ஸ்கூல்’ மாதிரி முதலிலேயே ‘ஸ்’ முட்டினால்தான் ‘இஸ்கூல்’ ஆகும், நம் ஊரைப் போலவே.

போன வாரம் அவரிடமிருந்து ஒரு வாட்ஸப்: “ஆச்சி, பேமென்ட் யெஸ்டர்டே.” பாஸ்புக்கைப் பார்த்தால் ஒன்றும் ஏறவில்லை. “சென்ட்டா, வில் சென்டா?” என்று கேட்டு அனுப்பினேன். ரொம்ப நேரம் கழித்து ஒரே சொல் வந்தது.

“வில்.”