பைத்தானில் சரங்கள்: தமிழ்ச் சொல்லை வைத்தே தொடங்குவோம்

பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுத்துகளின் வரிசையைச் சரம் என்பார்கள். சரங்களைப் பற்றிய பாடங்களில் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களே எடுத்துக்காட்டாக வரும். அவற்றை வைத்துப் பழகினால் எல்லாம் சுலபமாகத் தோன்றும். தமிழை உள்ளே விட்டதும் கணக்கு உதைக்கும். அந்த உதையை முதல் நாளே வாங்கிக்கொள்வது நல்லது.

பைத்தான் 3 நிறுவியிருந்தால் பெரும்பாலும் அதோடு ஐடில் என்ற சாளரமும் வந்திருக்கும். அதைத் திறந்து இப்படித் தட்டச்சு செய்யுங்கள் (வரியின் தொடக்கத்தில் உள்ள மூன்று அம்புக்குறிகள் தானாகவே வரும்):

```
>>> சொல் = "தமிழ்"
>>> சொல் + " " + "நாடு"
'தமிழ் நாடு'
```

ஆமாம், மாறிக்கு, அதாவது மதிப்பைப் போட்டுவைக்கும் பெட்டிக்கு, தமிழிலேயே பெயர் வைக்கலாம். மேற்கோள் குறிக்குள் இருப்பது சரம், கூட்டல் குறி இரண்டு சரங்களை ஒட்டும். எண்ணை அப்படியே ஒட்டப் பார்த்தால் பிழைச் செய்தி வரும்; முதலில் அதைச் சரமாக மாற்ற வேண்டும்.

அடுத்து, சரத்திலிருந்து ஒரு துண்டை எடுப்போம். எண்ணிக்கை 0-இல் தொடங்கும்; இரண்டு எண் கொடுத்தால் இரண்டாவது எண்ணுக்கு முன்பே துண்டு முடிந்துவிடும்.

```
>>> சொல்[0]
'த'
>>> சொல்[0:2]
'தம'
>>> சொல்[1:3]
'மி'
```

முதல் இரண்டு எழுத்தைக் கேட்டால் 'தமி' வர வேண்டாமா? வராது. பைத்தான் எண்ணுவது யூனிகோட் (உலக மொழி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரம்) குறியீடுகளை. அதன் கணக்கில் 'மி' என்பது 'ம' ஒன்று, இகரக் குறி ஒன்று. 'ழ்' என்பதும் அப்படித்தான்: 'ழ' ஒன்று, புள்ளி ஒன்று. அதனால் நீளம் சொல்லும் லென் என்ற செயற்கூற்றை (ஒரு வேலையைச் செய்துதரும் கட்டளையை) கேட்டால் (பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும்) 3 வராது, 5 வரும். சொல்[::-1] என்று திருப்பிப் போட்டால் புள்ளி முன்னால் அநாதையாக நிற்க, பின்னால் 'ழிமத' வரும்!

இது வெறும் வேடிக்கை இல்லை. 'கிருஷ்ணமூர்த்தி' நம் கணக்கில் 8 எழுத்து, பைத்தானுக்கு 15. பெயருக்கு 10 எழுத்து வரம்பு வைத்து நீங்கள் ஒரு படிவம் எழுதினால், பாவம், அவரால் பதிவு செய்யவே முடியாது.

சரி, எப்படி எண்ணுவது? ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் ஃபார் சுழலில் சரத்தை விட்டு ஒவ்வொரு குறியீடாகப் பாருங்கள். உயிர்மெய்க் குறியோ புள்ளியோ வந்தால் தாண்டிவிடுங்கள், மற்றதை மட்டும் எண்ணுங்கள். பழகுவதற்கு இது போதும். ('க்ஷ'வை ஒரே எழுத்தாகக் கருதுபவர்களுக்கு இந்தக் கணக்கு இடிக்கும்.) நிஜ வேலைக்கு ஓப்பன்-தமிழ் நூலகத்தை (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பை) பைத்தானின் நிறுவுகருவியான பிப் மூலம் நிறுவிக்கொள்ளுங்கள், சொல்லை 'த', 'மி', 'ழ்' என்று பிரித்தே தந்துவிடும்.

இன்னொரு பொறி, ஒப்பிடுதல். 'கொ'வில் உள்ள குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் == போட்டால் பொய் என்று விடை வரும். பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா தொகுதியில் நார்மலைஸ் என்ற செயற்கூறு இருக்கிறது. இரண்டு சரங்களையும் அதில் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும்) வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். 'ஔவை'யை 'ஒ', 'ள' என்று தனித்தனியாக அடித்திருந்தால் மட்டும் அதுவும் கைகொடுக்காது. அதை நீங்களே ரீப்ளேஸ் போட்டு மாற்ற வேண்டும், அதுவும் 'ஒளி', 'ஒளவை' இரண்டையும் பிரித்துப் பார்த்து.