பல்கலைக்கழகக் கட்டணம்: சேமிப்பில் கை வைப்பதற்கு முன்

போன ஆண்டு ஆகஸ்ட் மாதம். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் தேநீர் மேசையில் ஒரு தாய் கைப்பையைத் திறந்து ஒரு பழுப்பு உறையைக் காட்டினார். உள்ளே, சீட்டு எடுத்த காசு. மகளுக்கு மான்செஸ்டரில் இடம் கிடைத்திருந்தது. "தம்பி, முதல் வருடக் கட்டணத்தை இதிலேயே கட்டிவிட்டால் பிள்ளை கடன் இல்லாமல் படிப்பாள்தானே?" என்று கேட்டார். உறையை அப்படியே மூடி வைக்கச் சொன்னேன். அந்தக் காசு அறை வாடகைக்கு வேண்டும், அக்கா, கட்டணத்துக்கு அல்ல, அதற்கு அரசுக் கடன் உண்டு என்றேன்.

புதிதாக வந்த குடும்பங்களின் பிள்ளைகளை அதிகம் வருத்துவது இந்தக் குழப்பம்தான். கடன் என்றால் நமக்குத் தெரிந்தது அடகுக் கடையும், வட்டிக்குக் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்பதும். அந்தப் பயத்தில் இருப்பதையெல்லாம் கட்டணமாகக் கட்டிவிடுகிறோம். பிறகு பிள்ளை வாடகைக்கு வழியில்லாமல் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்துவிட்டு, காலை வகுப்பில் தூங்குகிறது.

இங்கே எழுதுவது இங்கிலாந்தில் வசிப்பவர்களுக்கு. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி முறைகள் உண்டு. ஸ்காட்லாந்தில் வசிக்கும் மாணவர் அங்கேயே படித்தால் கட்டணத்தை அரசு ஏற்கிறது. ஆனால் லண்டனில் வசிக்கும் பிள்ளை எடின்பரோவுக்குப் படிக்கப் போனால் அந்தச் சலுகை கிடையாது. எங்கே படிக்கிறோம் என்பதைவிட எங்கிருந்து போகிறோம் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

பாஸ்போர்ட் மட்டும் போதாது

உள்நாட்டுக் கட்டணமா, வெளிநாட்டுக் கட்டணமா என்பதுதான் முதல் கேள்வி. உள்நாட்டு மாணவருக்கு 2025-26 கல்வியாண்டில் அதிகபட்சம் 9,535 பவுண்ட், 2026-27இல் 9,790. வெளிநாட்டு மாணவர் என்று வகுத்துவிட்டால் ஆண்டுக்கு 20,000 பவுண்டைத் தாண்டுவது சாதாரணம், அதற்கு அரசுக் கடனும் கிடையாது.

உள்நாட்டு மாணவர் ஆவதற்குப் பொதுவான விதி இரண்டு பகுதி கொண்டது. படிப்புத் தொடங்கும் கல்வியாண்டின் முதல் நாளில் பிள்ளையிடம் பிரிட்டிஷ் குடியுரிமையோ, ஐ.எல்.ஆர். என்னும் நிரந்தர வதிவிட உரிமையோ, ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்குமான செட்டில்டு ஸ்டேட்டஸோ இருக்க வேண்டும். அதற்கு முந்தைய 3 ஆண்டுகளும் பிரிட்டனில் வழக்கமாக வசித்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்தும் சென்னையிலோ துபாயிலோ பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு 17 வயதில் திரும்பும் பிள்ளை இந்த இரண்டாவது பகுதியில் மாட்டிக்கொள்ளலாம். நல்ல பள்ளி, நல்ல தமிழ் என்று ஊருக்கு அனுப்பும் பெற்றோர் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

வேலை விசாவில் பெற்றோருடன் வந்த பிள்ளைகளுக்குத் தேதிதான் எல்லாம். இலையுதிர் காலத்தில் தொடங்கும் படிப்புக்கு அந்த 'முதல் நாள்' செப்டம்பர் 1. வகுப்பு செப்டம்பர் 22 அன்று தொடங்கினாலும் கணக்கு 1ஆம் தேதிக்குத்தான். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு ஐ.எல்.ஆர். செப்டம்பர் 11 அன்று வந்தது. பையன் அதற்குள் பதிவு செய்துவிட்டான். பத்து நாள் தாமதத்துக்கு மூன்று ஆண்டு வெளிநாட்டுக் கட்டணம். நடுவில் ஐ.எல்.ஆர். கிடைத்தால் அடுத்த ஆண்டிலிருந்து கட்டணம் குறையும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அப்படிக் குறைக்கப் பல்கலைக்கழகத்துக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. அவர்கள் செய்திருக்க வேண்டியது, சேர்க்கையை ஓராண்டு தள்ளி வைக்கும்படி கேட்பது. பல பல்கலைக்கழகங்கள் ஒத்துக்கொள்ளும். 18 வயதில் ஓராண்டு காத்திருப்பதைச் சொந்தக்காரர்கள் பின்னடைவாகப் பேசுவார்கள், பேசட்டும். ஐ.எல்.ஆர். கிடைப்பதற்கு முன் இங்கே முறையாக வசித்த காலமும் அந்த 3 ஆண்டுக் கணக்கில் சேரும் என்பதால் அதன் பிறகு மேலும் காத்திருக்கத் தேவையில்லை.

அகதி அந்தஸ்து பெற்றவர்களுக்கு 3 ஆண்டு விதி கிடையாது. அந்தஸ்து கிடைத்த பிறகு தொடங்கும் படிப்புக்கு உடனே உள்நாட்டுக் கட்டணமும் கடனும் உண்டு. பெற்றோர் தஞ்சம் கோரிய நாளில் 18 வயதுக்குள் இருந்த பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். இதைத் தெரியாமல் இரண்டு மூன்று ஆண்டுகளை வீணாக்கியவர்களைச் சந்தித்திருக்கிறேன், மனம் வெந்துபோகும். தஞ்ச விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வராதவர்களுக்குக் கடன் இல்லை. ஆனால் அவர்களுக்கென்றே கட்டண விலக்குடன் புலமைப்பரிசில் வழங்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. 'சாங்க்சுவரி ஸ்காலர்ஷிப்' என்ற பெயரில் தேடுங்கள்.

ஐ.எல்.ஆர். இல்லாமல் தற்காலிக விசாவில் இங்கேயே வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர் 7 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருந்தாலோ, 18 தாண்டியவர் தன் வயதில் பாதியையோ 20 ஆண்டுகளையோ இங்கே கழித்திருந்தாலோ, கடைசி 3 ஆண்டுகள் முறையான விசாவும் இருந்தால் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். டிகெரே என்ற மாணவி தொடுத்த வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு விரிந்த வழி இது. உங்கள் நிலை இவற்றில் எது என்று சந்தேகம் இருந்தால் வெளிநாட்டு மாணவர் விவகாரங்களில் ஆலோசனை தரும் யூகிசா (UKCISA) அமைப்பின் இணையதளத்தை முதலில் படியுங்கள். பிறகு பல்கலைக்கழகத்தின் கட்டணப் பிரிவுக்கு எழுத்தில் கேள்வி அனுப்பி, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

கடன் யார் தலையில்?

இரண்டு கடன்கள் உண்டு. கட்டணக் கடன் பல்கலைக்கழகத்துக்கு நேராகப் போய்விடும், நம் கையில் படாது. பெற்றோரின் வருமானம் எவ்வளவு என்று அதற்குப் பார்ப்பதில்லை. மற்றது மெயின்டனன்ஸ் லோன், வாழ்க்கைச் செலவுக்கானது. அது மாணவரின் வங்கிக் கணக்குக்கு ஆண்டில் மூன்று தவணையாக வரும்.

2023 ஆகஸ்ட் முதல் படிப்பைத் தொடங்கியவர்களுக்குத் திருப்பிச் செலுத்தும் விதி இது: ஆண்டுச் சம்பளம் 25,000 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய தொகையில் மட்டும் 9 சதவீதம். 30,000 சம்பாதிப்பவர் மாதம் 37 பவுண்ட் 50 பென்ஸ் கட்டுவார். 24,000 சம்பாதிப்பவர் ஒன்றும் கட்டமாட்டார். வரியைப் போலவே சம்பளத்திலிருந்து முதலாளி பிடித்துக் கட்டிவிடுவார். வேலை போனால் தவணையும் நிற்கும். வட்டி விலைவாசி உயர்வின் அளவுதான். 40 ஆண்டுகளில் தீராத மிச்சம் தள்ளுபடியாகும். கடன் வாங்கியவர் இறந்தால் கடனும் அதோடு போகும். பெற்றோர் கையெழுத்துப் பிணை நிற்பதில்லை, வீட்டின் மேல் எந்த உரிமையும் இதற்குக் கிடையாது.

இது இலவசம் என்று நான் சொல்லவில்லை. நன்றாகச் சம்பாதிக்கும் பிள்ளை வேலை வாழ்க்கையின் பெரும்பகுதி முழுவதும் இதைச் சுமக்கும். வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கி இந்தப் பிடித்தத்தையும் கணக்கில் எடுக்கும். மூன்று ஆண்டுக் கட்டணத்தையும் வாடகையையும் கஷ்டமில்லாமல் கொடுக்கக்கூடிய குடும்பம் கடனைத் தவிர்ப்பதில் நியாயம் உண்டு. சீட்டுப் போட்டும் நகையை அடகு வைத்தும் கட்டுபவர்களுக்கு அது பொருந்தாது. இவ்வளவு மென்மையான விதிகளோடு வேறு எந்த இடத்திலும் கடன் கிடைக்காது.

நம் குடும்பங்கள் எதிர்பார்க்காத அடி மெயின்டனன்ஸ் லோனில் விழுகிறது. 2025-26இல் லண்டனுக்கு வெளியே தங்கிப் படிப்பவருக்கு அதிகபட்சம் 10,544 பவுண்ட், லண்டனில் தங்குபவருக்கு 13,762, வீட்டிலிருந்தே போய்வருபவருக்கு 8,877. குடும்ப வருமானம் 25,000க்குள் இருந்தால்தான் முழுத் தொகை. அதற்கு மேல் ஏற ஏறக் குறைந்து, சுமார் 62,000இல் லண்டனுக்கு வெளியே தங்குபவருக்கு 4,915 மட்டுமே மிஞ்சும். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு 31,000 சம்பாதித்தால் போதும், இந்தக் கணக்கில் வசதியான குடும்பமாகிவிடுகிறீர்கள். ஊருக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்தை யாரும் கழிக்கமாட்டார்கள். விடுதி அறை வாரம் 150 பவுண்ட் என்று வைத்தால்கூட 42 வாரத்துக்கு 6,300. குறைந்தபட்சக் கடன் வாடகைக்கே போதவில்லை. இடைவெளியைப் பெற்றோர் நிரப்ப வேண்டும் என்பதுதான் அரசின் எதிர்பார்ப்பு. ஆனால் வரும் கடிதத்தில் அந்தத் தொகையை எழுதமாட்டார்கள். அந்தத் தாயின் உறைக்கு வேலை இங்கேதான்.

விண்ணப்பம்

இந்தக் கடன்களை வழங்கும் அரசு அமைப்பான ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் இங்கிலாந்தின் இணையக் கணக்கு ஒவ்வோர் ஆண்டும் வசந்த காலத்தில் திறக்கும். இடம் உறுதியாகும் வரை காத்திருக்க வேண்டாம், முதல் விருப்பப் பல்கலைக்கழகத்தைப் போட்டு விண்ணப்பித்துவிட்டுப் பிறகு மாற்றலாம். மே மாதத்துக்குள் அனுப்பினால் செப்டம்பரில் பணம் தயாராக இருக்கும்.

பிள்ளை விண்ணப்பித்தால் பாதி வேலைதான் முடிந்தது. பெற்றோர் தங்கள் பெயரில் தனிக் கணக்குத் திறந்து, என்.ஐ. (தேசியக் காப்பீட்டு) நம்பரும் வருமான விவரமும் கொடுக்க வேண்டும். வருமானத்தைச் சொல்லத் தயங்கி இதைச் செய்யாமல் விடும் பெற்றோர் பலர். விளைவு, முழுக் கடனுக்கு உரிமையுள்ள பிள்ளைக்குக் குறைந்தபட்சத் தொகை. 2026-27க்குக் கேட்கப்படுவது 2024-25 வரி ஆண்டின் வருமானம், ஆகவே அந்த ஆண்டின் சம்பளத்தையும் வரியையும் காட்டி முதலாளி தரும் பி60 தாளை எடுத்து வையுங்கள். அதற்குப் பிறகு வருமானம் குறைந்தது 15 சதவீதம் விழுந்திருந்தால் நடப்பு ஆண்டு வருமானத்தைப் பார்க்கும்படி கேட்கலாம். உங்களை நம்பியிருக்கும் மற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் 1,130 பவுண்ட் வருமானத்திலிருந்து கழிப்பார்கள்.

பெயரில் கவனம் வேண்டும். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முன்னாலும், என்.ஐ. பதிவில் பின்னாலும், வங்கியில் வெறும் எழுத்தாகவும் இருப்பது நம்மவர்களுக்கு வழக்கம். கணினி அவற்றை மூன்று பேராகப் பார்க்கும். அப்படி ஒரு வழக்கில் வாரக்கணக்கில் அலைந்திருக்கிறேன். பிள்ளைக்கு 16 வயதாகும்போதே எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டின்படி திருத்திவிடுங்கள்.

வயது வந்த பிறகு இங்கே வந்து மீண்டும் படிக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. யாழ்ப்பாணத்திலோ கோயம்புத்தூரிலோ வாங்கிய பட்டமும் பட்டம்தான். ஏற்கெனவே பட்டம் இருந்தால் இரண்டாவது பட்டத்துக்குப் பொதுவாகக் கட்டணக் கடன் கிடைக்காது. தாதியர் படிப்பு போன்ற சில துறைகள் விலக்கு. தாதியர் மாணவருக்கு என்.எச்.எஸ். ஆண்டுக்கு 5,000 பவுண்ட் உதவித்தொகையும் தருகிறது, அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. பழைய பட்டத்தை மறைத்து விண்ணப்பிக்கச் சொல்லும் முகவர்கள் நம் ஊர்க் கடைத்தெருக்களிலும் உலவுகிறார்கள். வகுப்புக்கு வராமலே லோன் காசு கையில் வரும் என்று வணிகப் படிப்பில் சேர்த்துவிடுவார்கள். தரகுப் பணம் அவர்களுக்கு, கடனும் பொய் விண்ணப்பத்தின் பழியும் உங்களுக்கு. பல்கலைக்கழகச் சேர்க்கை விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் (UCAS) வழியாகவோ பல்கலைக்கழகத்திடம் நேராகவோ விண்ணப்பிக்க யாருடைய தயவும் வேண்டாம்.

கட்டணமே இல்லாத வழி டிகிரி அப்ரென்டிஸ்ஷிப். சம்பளத்தோடு படிப்பு, கட்டணத்தை முதலாளியும் அரசும் ஏற்கிறார்கள். 'வேலைக்குப் போகிறானாம்' என்று நம்மவர்கள் முகம் சுளிப்பது எனக்கு வருத்தம் தருகிறது. இதற்குப் போட்டி கடுமை, நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தான் உள்ளே போகிறார்கள்.

கடைசியாக ஒன்று. மெயின்டனன்ஸ் லோனின் முதல் தவணை, பல்கலைக்கழகத்தில் பதிவு முடிந்த பிறகுதான் வரும், அதுவும் பிள்ளையின் சொந்தப் பெயரிலுள்ள கணக்குக்கு. அதற்கு முன்பே விடுதி முன்பணமும், போர்வை, பாத்திரம், பஸ் பாஸ் எல்லாமும் வாங்கியாக வேண்டும். முதல் மூன்று வாரத்துக்கான காசைத் தனியாக எடுத்து வையுங்கள்.