கடலோர ஊரில் தங்கமீன்: தண்ணீரில் நடக்கும் தவறுகள்

தங்கமீன் கெண்டைக் குடும்பத்து மீன். சீனாவின் ஓட்டம் குறைந்த ஆறு குளங்களில் திரிந்த மீனை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வளர்த்து வளர்த்து இந்த நிறத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதற்கு வேண்டியது நல்ல தண்ணீர், அதுவும் கொஞ்சம் குளிர்ச்சியாக. ராமநாதபுரம் கடற்கரையில் இரண்டுக்கும் பஞ்சம்.

பலரும் மோட்டாரைப் போட்டு போர் தண்ணீரை அப்படியே தொட்டியில் நிரப்பிவிடுகிறார்கள். வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீர் தங்கமீனுக்கு ஆகாது. லேசான உப்பை அது தாங்கும், உடனே சாகாது. அதனால்தான் தவறு கண்ணில் படுவதில்லை. இங்கே அடிக்கிற வெயிலுக்கும் காற்றுக்கும் தொட்டி வேகமாக வற்றும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். வாலிநோக்கம் உப்பளத்தில் நடப்பதும் இதுதானே. குறைந்த அளவுக்கு மறுபடி போர் தண்ணீரையே ஊற்றினால் ஒவ்வொரு முறையும் உப்பு ஏறும். எனவே குறைந்ததை நிரப்புவதோடு நிறுத்தாமல், வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை வெளியே எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும்.

அப்படியானால் கேன் தண்ணீர்? ஆர்.ஓ.வில் உப்போடு தாதுக்களும் போய்விடுவதால் அதை மட்டும் நம்ப முடியாது. காவிரிக் கூட்டுக் குடிநீர் கிடைத்தால் அதுவே மேல். ஆனால் குழாயை நேரே தொட்டிக்குள் விடக் கூடாது. குளோரின் செவுளைப் புண்ணாக்கும், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற விஷத்தை மாற்றித் தருகிற நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வையுங்கள். அந்தப் பாக்டீரியா குடியிருக்கும் ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் அலசுவதும் இதே தவறுதான். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் அலசினால் போதும்.

அழகுக்காகக் கரையில் பொறுக்கிய சிப்பியையும் பவளத் துண்டையும் போடுவதை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பவளத்தை எடுப்பதே வனஉயிரினச் சட்டப்படி குற்றம். அது கிடக்கட்டும், இரண்டும் சுண்ணாம்புப் பொருள். கரையக் கரைய பி.ஹெச்., அதாவது தண்ணீரின் காரத்தன்மை, ஏறும், அப்போது அதே அளவு அம்மோனியா கூடுதல் விஷமாகிவிடும்.

சூடு: 18 முதல் 23 டிகிரி வரை தங்கமீனுக்குச் சுகம். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடிக்கிற தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் பிடிக்கும். சித்திரை, வைகாசியில் ஏர் பம்பை நிறுத்தாதீர்கள், தீனியையும் குறையுங்கள். ஐஸ் கட்டி மட்டும் வேண்டாம், திடீர்க் குளிர்ச்சி மீனைச் சாய்த்துவிடும்.

அப்புறம், உருண்டைக் கண்ணாடிக் குடுவை. ஒரு சாணுக்கு மேல் வளரக்கூடிய மீன் இது. ஆனால் இடம் போதவில்லை என்று ஊருணியில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். சேற்றைக் கிளறிக் கலக்கும், உள்ளூர் மீன்களுக்கு நோயையும் கொடுக்கும். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேட்டுப் பாருங்கள்.