மேளம் கடல் தாண்டும் முன்: நையாண்டி மேளக் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு பக்கத்து நையாண்டி மேளக் குழுக்களின் வாசிப்பில் யாரும் குறை சொல்லிவிட முடியாது. வெளிநாட்டுப் பயணம் கெடுவதெல்லாம் காகிதத்திலும் பெட்டியிலும்தான்.

பாஸ்போர்ட்டைக் கடைசியில் பார்ப்பதுதான் பெரிய தவறு. நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் பெயர் ஒரே சொல்லாக இருந்தால் அமீரகத்துக்கு விசிட் விசா சிக்கல் என்று 2022 நவம்பரில் விதி வந்தது. தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். ஆனாலும் முன்கூட்டியே திருத்திக்கொள்வது நிம்மதி. மலைக்கு அந்தப் பக்கம் படித்தவர்களுக்குக் கேரளப் பள்ளிச் சான்றிதழில் பெயர் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருக்கும். பத்தாவது முடிக்காதவருக்கு ஈசிஆர், அதாவது குடியேற்றச் சோதனை தேவைப்படும் பாஸ்போர்ட். மலேசியா, அமீரகம் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் தனியாகக் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். குழுவில் அதிகம் படிக்காதவர் உறுமிக்காரர் என்றால், அவருடைய காகிதத்தைத்தான் முதலில் கையில் எடுங்கள். உறுமி இல்லாமல் மற்றவர்கள் மட்டும் போய் என்ன வாசிப்பது?

‘டூரிஸ்ட் விசாவில் வாங்க, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று சொல்லும் ஏஜெண்டை நம்பாதீர்கள். காசு வாங்கி வாசித்தால் அது வேலை. மலேசியாவில் வெளிநாட்டுக் கலைஞர்களுக்குப் புஸ்பால் என்ற அமைப்பின் அனுமதி வேண்டும். அழைப்பவரே அதை வாங்கி, நகல் உங்கள் கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

சரி, பெட்டிக்கு வருவோம். நாயனத்தில், வாயில் வைத்து ஊதும் சீவாளியோடு சேர்த்துத் தொங்கும் பழைய ஊசி தந்தமா என்று பாருங்கள். தாத்தா காலத்துச் சொத்தாக இருந்தாலும் தந்தம் தந்தம்தான். கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். குழுவில் கஞ்சிரா இருந்தால் உடும்புத் தோல் போட்டதைத் தொடவே வேண்டாம், அது நம் நாட்டிலேயே வனவிலங்குச் சட்டத்தில் மாட்டும். ஆட்டுத்தோல் கட்டியதோ செயற்கைத் தோல் போட்டதோ எடுத்துச் செல்லலாம். ஆஸ்திரேலியா என்றால் தவில் தோல், சீவாளி, மூங்கில் எல்லாவற்றையும் வருகைப் படிவத்தில் சொல்லிவிட வேண்டும். மறைத்தால்தான் அபராதம். முடி ஒட்டிய தோல் இருந்தால் கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள்.

தவிலை முறுக்கியபடியே விமானத்தில் போடுவதும் வழக்கமான தவறு. சரக்கு அறையின் குளிரிலும் வறட்சியிலும் தோல் இறுகி வெடிக்கலாம். நட்டுகளைத் தளர்த்தி, வலப்பக்கத் தோலான வலந்தலைக்கு மேல் துணி வைத்து, கடினப் பெட்டியில் அடையுங்கள். மாற்றுத் தோல் ஒரு ஜோடி, நட்டு முடுக்கும் சாவி, விரல் கூடு, தவில் கம்பு எல்லாம் செக்-இன் பெட்டியிலேயே போகட்டும். சாவியையும் கம்பையும் கைப்பையில் வைத்தால் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். சீவாளி மட்டும் சின்ன டப்பாவில் நாயனக்காரரின் கையிலேயே இருக்கட்டும், அது நசுங்கினால் அங்கே வாங்குவது கஷ்டம்.

வாசிக்கும் இடத்தின் விதியையும் கேளுங்கள். சிங்கப்பூர்த் தைப்பூச ஊர்வலத்தில் 1973 முதல் வாத்தியங்களுக்குத் தடை இருந்தது. 2016 முதல்தான் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. ஊரில் சாமி புறப்பாட்டில் நடந்துகொண்டே வாசிப்பதுபோல் அங்கே முடியாது. மலேசியாவிலோ உள்ளூர் உறுமி மேளக் குழுக்கள் ஏராளம். கேட்பவர்களுக்கு அடி தெரியும், எனவே ஒரே பாட்டைச் சுற்றிச் சுற்றி வாசித்து ஒப்பேற்ற முடியாது.